வாட்டர்கேட்டை வைத்து அறவியல் எடுக்கும் வகுப்பு: காசுக்குத் தகுமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வாங்கலாம், ஆனால் முழு விலை கொடுத்து வாங்காதீர்கள், பண்டிகைக்குப் பண்டிகை தள்ளுபடி போடுகிறார்கள், அப்போது பார்த்துக்கொள்ளுங்கள். குடிமைப்பணி மெயின்ஸில் ஜிஎஸ் 4 என்ற அறவியல் தாளைத் தமிழில் எழுத நினைப்பவர்களுக்காக ஒரு ஆப்பில் விற்கும் அறவியல் வகுப்பு இது. பெயரைப் போடவில்லை, கீழே குறை நிறையச் சொல்லப்போகிறேன், சின்ன நிறுவனம், பாடம் எடுப்பவரும் ஒருவர்தான். தேடுகிறவர்களுக்கு எப்படியும் தெரிந்துவிடும். அதிகார துஷ்பிரயோகம் என்ற ஒரு தலைப்புக்காக அமெரிக்காவின் வாட்டர்கேட் விவகாரத்தை எடுத்துக்கொண்டு பாதி வகுப்பை அதிலேயே ஓட்டுகிற ஆள் எனக்குத் தெரிந்து வேறு யாரும் இல்லை.

அந்தத் தேர்வு எனக்குப் பிடித்திருந்தது. மற்ற வகுப்புகளில் கேஸ் ஸ்டடி என்றால் என்ன வரும்? "நீங்கள் ஒரு மாவட்ட ஆட்சியர், உங்கள் மேலதிகாரி ஒரு ஒப்பந்ததாரருக்குச் சாதகமாகக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்" என்று ஆரம்பிக்கும். ஊருக்குப் பெயர் இருக்காது, ஆளுக்கும் பெயர் இருக்காது, எது சரி என்பது கேள்வியிலேயே பாதி எழுதியிருக்கும். நிஜ சம்பவத்தில் அந்த வசதி கிடையாது. வாட்டர்கேட்டில் இன்னொன்றும் இருக்கிறது, சம்பந்தப்பட்டவர்கள் பேசியதை அவர்களே பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். அப்போதைய ஜனாதிபதி நிக்சன் 1971 பிப்ரவரியில் வெள்ளை மாளிகையில் ஒலிப்பதிவுக் கருவி வைத்தார், மொத்தம் 3,700 மணிநேரம் போலத் தேறும். யார் என்ன காரணம் சொல்லி எதற்குத் தலையாட்டினார் என்பதை நாம் ஊகிக்கத் தேவையில்லை, கேட்டுக்கொள்ளலாம்.

கோட்பாட்டுப் பகுதியைச் சீக்கிரம் சொல்லி முடிக்கிறேன். பென்தம், மில் சொன்ன பயன்விளைவுக் கணக்கு (விளைவை வைத்துச் சரி தவறு பார்ப்பது), கான்ட்டின் கடமை, அரிஸ்டாட்டிலின் நற்பண்பு, நடுவில் கொஞ்சம் ரால்ஸின் நீதிக் கோட்பாடு. தெளிவாக எடுக்கிறார், 1.25 வேகத்தில் ஓட்டலாம். கான்ட் பகுதி உண்மையிலேயே நன்றாக இருக்கிறது: நீ செய்யப்போவதை எல்லோரும் செய்ய ஆரம்பித்தால் அந்தச் செயலுக்கே அர்த்தம் மிஞ்சுமா பார், மனிதரை வெறும் கருவியாக மட்டும் நடத்தாதே, இந்த இரண்டை வைத்துக்கொண்டே மற்றதை எல்லாம் விளக்கிவிடுகிறார். ரால்ஸ் பகுதியை விட்டுவிடலாம், அவருக்கே அதில் ஆர்வம் இல்லை என்று கேட்கும்போதே தெரிகிறது.

அப்புறம் வாட்டர்கேட். கதை சொல்லும் இடத்தில் மனிதர் கெட்டிக்காரர். 1972 ஜூன் 17, நள்ளிரவு தாண்டிய நேரம், வாஷிங்டனில் வாட்டர்கேட் கட்டடம். ஃபிராங்க் வில்ஸ் என்ற 24 வயது காவலாளி ரோந்து வரும்போது ஒரு கதவின் பூட்டு நாக்கு வெளியே வராதபடி டேப் ஒட்டியிருப்பதைப் பார்க்கிறார். யாரோ வேலையாட்கள் ஒட்டியிருப்பார்கள் என்று பிய்த்துப் போட்டுவிட்டுப் போகிறார். திரும்பி வந்து பார்த்தால் அதே இடத்தில் மறுபடி டேப். உடனே போலீஸுக்குப் போன் போடுகிறார். ஜனநாயகக் கட்சியின் தலைமை அலுவலகத்துக்குள் ஒட்டுக்கேட்க வந்த ஐந்து பேர் ரப்பர் கையுறையோடு பிடிபடுகிறார்கள், அதில் ஒருவர் நிக்சனின் மறுதேர்தல் குழுவுக்கே பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர். இதை விளக்க ஆசிரியர் தன் வீட்டுக் கதவிலேயே செல்லோ டேப் ஒட்டிக் காட்டுகிறார், கதவு சாத்தியும் பூட்டாமல் நிற்கிறது. ஸ்லைடு போட்டிருந்தால் இவ்வளவு மனதில் நின்றிருக்காது.

ஆறு நாள் கழித்து, ஜூன் 23, ஓவல் அலுவலகம். உதவியாளர் ஹால்டிமன் ஒரு யோசனை சொல்கிறார்: சிஐஏ ஆட்களை விட்டு, இந்த விசாரணையில் மேலே போகாதீர்கள் என்று எஃப்பிஐ-யிடம் சொல்ல வைக்கலாம். நிக்சன் சம்மதிக்கிறார். அந்த ஒலிநாடா வெளியே வந்தது 1974 ஆகஸ்ட் 5-ல், அடுத்த நான்கு நாளில் பதவி போய்விட்டது. இடையில் ஓடிய இரண்டு வருஷத்தில் நடந்ததை எல்லாம் இவர் தேதி பிசகாமல் கொண்டுபோகிறார். குறை சொல்ல எதுவும் இல்லை.

குறை ஆரம்பிப்பது அடுத்த பாடத்தில். கதை முடிந்ததும் ஒரு அட்டவணை வருகிறது. பயன்விளைவு: தவறு. கடமை: தவறு. நற்பண்பு: தவறு. பச்சை நிறத்தில் மூன்று பெட்டி, கீழே "ஆகவே வாட்டர்கேட் எல்லாக் கோட்பாடுகளின்படியும் கண்டிக்கத்தக்கது" என்று ஒரு வரி. சரி, மூன்றும் ஒரே பதிலைத்தான் தரும் என்றால் எனக்கு எதற்கு மூன்று? நிக்சன் செய்தது தப்பு என்று சொல்ல கான்ட்டை எழுப்ப வேண்டியதில்லை, எங்கள் தெரு டீக்கடையில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள்.

அதிலும் பயன்விளைவுப்படி ஏன் தவறு என்பதற்கு இவர் தரும் காரணம் மிகவும் பலவீனம். 1972 நவம்பரில் நிக்சன் 50 மாநிலங்களில் 49-ஐ ஜெயித்தார், உளவு பார்க்காமலே ஜெயித்திருப்பார், ஆகவே ஆதாயம் பூஜ்யம், நஷ்டம் ஏராளம் என்கிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தேர்தல் இழுபறியாக இருந்திருந்தால்? வில்ஸ் இரண்டாவது தடவை அந்தக் கதவுப் பக்கமே போகாமல் இருந்திருந்தால்? அப்போது சரியாகிவிடுமா? திருட்டு நஷ்டத்தில் முடிந்தது என்று காட்டுவது வேறு, திருட்டு தவறு என்று காட்டுவது வேறு. மில் பக்கம் நின்று பேசுவதென்றால் இந்த ஒரு சம்பவத்தின் லாப நஷ்டத்தை விட்டுவிட்டு வழக்கத்தைப் பிடிக்க வேண்டும்: ஆட்சியில் இருப்பவர் தன் மேல் வரும் விசாரணையை உளவுத்துறையை வைத்து நிறுத்திக்கொள்ளலாம் என்பது நடைமுறை ஆகிவிட்டால் அந்த நாட்டில் எந்த விசாரணையை யார் நம்புவார்? இந்த வாதம் அவருடைய பிடிஎஃப் குறிப்பில் இல்லை, நீங்களே எழுதிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் அவர் தொடவே இல்லை. அந்த வெள்ளை மாளிகையில் விளைவைக் கணக்குப் போடாத ஆள் ஒருவர்கூட இல்லை. 1973 மார்ச் 21-ல் வெள்ளை மாளிகையின் சட்ட ஆலோசகர் ஜான் டீன் உள்ளே போய், பிடிபட்டவர்களின் வாயை அடைக்க அடுத்த இரண்டு வருஷத்தில் பத்து லட்சம் டாலர் வரை ஆகலாம் என்கிறார். நிக்சன் அதிரவில்லை, அந்தப் பணத்தை ரொக்கமாகவே புரட்டலாம், எங்கே கிடைக்கும் என்று தெரியும் என்கிறார். பட்ஜெட் கூட்டம் மாதிரி பேசிக்கொள்கிறார்கள். நாட்டின் நலம் என்பதும் தன் நாற்காலி என்பதும் ஒரே கணக்கில் கலந்துவிட்டால் பயன்விளைவுக் கோட்பாடு எவ்வளவு சுலபமாக விலைபோகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. கையில் இருந்தும் பயன்படுத்தவில்லை.

இப்படித் திட்டிக்கொண்டே கேட்டு வந்தவனை உட்கார வைத்தது "சனிக்கிழமை இரவு" பாடம். இந்த ஒரு பாடத்துக்காகவே வாங்கலாம் என்பேன்.

1973 அக்டோபர் 20. வாட்டர்கேட்டை விசாரிக்கும் சிறப்பு வழக்கறிஞர் ஆர்ச்சிபால்ட் காக்ஸ் ஒலிநாடாக்களைக் கேட்டு விடாப்பிடியாக நிற்கிறார், அவரை வேலையை விட்டு அனுப்பு என்று நீதித்துறையின் தலைவரான அட்டர்னி ஜெனரல் எலியட் ரிச்சர்ட்சனுக்கு நிக்சன் உத்தரவு போடுகிறார். ரிச்சர்ட்சன் அந்தப் பதவிக்கு வந்தபோது, கடுமையான முறைகேடு இருந்தால் ஒழிய சிறப்பு வழக்கறிஞரை நீக்க மாட்டேன் என்று செனட்டிடம் வாக்குக் கொடுத்திருந்தார். நிக்சன் பக்கத்தில் இருந்த காரணமும் அற்பமானது இல்லை, அரபு-இஸ்ரேல் போர் நடந்துகொண்டிருக்கிறது, சோவியத்தோடு பேச்சு நடக்கிறது, சொந்த அமைச்சரே எதிர்த்தால் சோவியத் தலைவர் பிரெஷ்னெவ் என்ன நினைப்பார் என்கிறார். உன் சொந்த வாக்குறுதியைப் பொது நலனுக்கு மேலே வைக்கிறாய் என்று வருத்தப்பட்டுக்கொள்கிறார். பொது நலன் எது என்பதிலேயே நாம் இருவரும் வேறுபடுகிறோம் என்ற பொருளில் ரிச்சர்ட்சன் பதில் சொல்லிவிட்டு ராஜினாமா செய்கிறார்.

இந்த இடத்தில் ஆசிரியர் வீடியோவை நிறுத்தச் சொல்கிறார். யார் பேசியது பயன்விளைவு, யார் பேசியது கடமை, எழுதிப் பாருங்கள் என்கிறார். உடனே எழுதினால் நிக்சன் பயன்விளைவு, ரிச்சர்ட்சன் கடமை என்று வரும். ஆனால் ரிச்சர்ட்சன் சொன்னதை இன்னொரு தடவை கேட்டால் அவர் விளைவை ஒதுக்கவில்லை என்று புரியும், செனட்டுக்குக் கொடுத்த வாக்கு காப்பாற்றப்படுவதில்தான் பொது நலனே இருக்கிறது என்கிறார். அடுத்த நிலையில் இருந்த ரக்கல்ஸ்ஹவுஸுக்கு வெள்ளை மாளிகையிலிருந்து நிக்சனின் தலைமை அலுவலர் ஹேக் போன் போட்டு, இது உன் தலைமைத் தளபதியின் உத்தரவு என்கிறார். அவரும் மறுக்கிறார், அவர் வேலையும் போகிறது. மூன்றாவது ஆள் சொலிசிட்டர் ஜெனரல் ராபர்ட் போர்க். அவர் கையெழுத்துப் போட்டு காக்ஸை நீக்குகிறார்.

போர்க்கை வில்லனாகக் காட்டி முடித்திருந்தால் நான் ஆப்பையே மூடியிருப்பேன். இவர் அப்படிச் செய்யவில்லை. ஜனாதிபதிக்கு அந்த அதிகாரம் இருக்கிறது, எப்படியும் யாராவது ஒருவர் நீக்கத்தான் போகிறார், எல்லோரும் வரிசையாக வெளியேறினால் துறையே தலை இல்லாமல் சிதறும் என்று போர்க் நினைத்தார், நீக்கிவிட்டுத் தானும் ராஜினாமா செய்யலாம் என்று யோசித்தவரை இருக்கச் சொன்னதே ரிச்சர்ட்சன்தான். இதையெல்லாம் பொறுமையாக வைத்துவிட்டு, ரிச்சர்ட்சன் சரி என்றால் போர்க் தவறாகத்தான் இருக்க வேண்டுமா என்று கேட்கிறார். அருமையான கேள்வி. அரசு அலுவலகத்தில் உட்காரப்போகிற எவருக்கும் நிக்சனின் கேள்வி வரப்போவதில்லை, போர்க்கின் கேள்வி மாதத்துக்கு ஒரு தடவை வரும்: நான் செய்யாவிட்டால் வேறொருவர் செய்வார், அப்படியானால் நான் மறுத்து என்ன பயன்?

என் பதில் போர்க்குக்கு எதிரானது. "எப்படியும் நடக்கும்" என்ற வாதத்தை வரிசையில் நிற்கும் ஒவ்வொருவரும் சொல்லலாம், ஒவ்வொருவரும் சொன்னால்தான் அது நடக்கவே செய்யும். அதோடு 2013-ல் வெளியான போர்க்கின் நினைவுக் குறிப்புகளில், அதற்குப் பிறகு உச்ச நீதிமன்றத்தில் அடுத்த இடம் உனக்குத்தான் என்று நிக்சன் சொன்னதாக அவரே எழுதியிருக்கிறார். அதற்காகத்தான் செய்தார் என்று சொல்ல முடியாது, ஆனால் பாடத்தில் இதைச் சேர்த்திருக்க வேண்டும். 1987-ல் ஜனாதிபதி ரீகன் அவரை அந்த நீதிமன்றத்துக்கு முன்மொழிந்தபோது செனட் 58-42 என்று நிராகரித்தது, அந்த விவாதத்தில் இந்தச் சனிக்கிழமையும் பேசப்பட்டது.

இந்தப் பாடத்தைப் பார்த்த பிறகு மற்றவற்றில் விட்டுப்போனவை கண்ணை உறுத்துகின்றன. முதல் ஆள் ஜானி வால்டர்ஸ், வரித்துறை ஆணையர். 1972 செப்டம்பரில் ஜான் டீன் அவரிடம் எதிர்க்கட்சி வேட்பாளரின் ஆதரவாளர்கள் நூற்றுக்கணக்கானவர்களின் பெயர்ப் பட்டியலைக் கொடுத்து, இவர்கள் கணக்கைத் தோண்டச் சொல்கிறார். வால்டர்ஸ் சத்தம் போடவில்லை, ராஜினாமா செய்யவில்லை, பத்திரிகைக்குப் போகவில்லை. நிதியமைச்சர் ஜார்ஜ் ஷுல்ட்ஸிடம் போய்ப் பட்டியலைக் காட்டி, எதுவும் செய்யக் கூடாது என்கிறார். ஷுல்ட்ஸ், ஒன்றும் செய்யாதே என்கிறார். வால்டர்ஸ் அதை உறையில் போட்டு ஒட்டிப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டுகிறார், பிறகு அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்றிடம் ஒப்படைக்கிறார். அவ்வளவுதான், யார் பெயருக்கும் நோட்டீஸ் போகவில்லை. 1974 ஜூலையில் நாடாளுமன்றக் கீழவையின் நீதிக்குழு நிக்சன் மேல் நிறைவேற்றிய இரண்டாவது குற்றச்சாட்டே அதிகார துஷ்பிரயோகம், அதில் வரித்துறையை ஏவப் பார்த்ததும் பெயர் சொல்லி வருகிறது. இந்திய வருவாய்ப் பணிக்கு (ஐஆர்எஸ்) போக ஆசைப்படுகிறவர்கள் கேட்கும் வகுப்பில் வால்டர்ஸ் பெயரே இல்லை என்றால் என்ன சொல்வது.

இரண்டாவது, ஒரு கையெழுத்துக் குறிப்பு. 1971-ல், வியட்நாம் போர் பற்றிய ரகசிய ஆவணங்களை வெளியிட்ட டேனியல் எல்ஸ்பெர்க்கின் மனநல மருத்துவரிடம் உள்ள கோப்புகளை ரகசியமாகப் பார்க்க அனுமதி கேட்டு ஒரு குறிப்பு நிக்சனின் உதவியாளர் எர்லிக்மனிடம் போகிறது. ஒப்புதல் என்ற இடத்தில் தன் எழுத்தைப் போட்டுவிட்டு, நம் பக்கம் தடம் வராது என்று நீ உறுதி தருவதானால், என்ற அர்த்தத்தில் கையால் எழுதுகிறார். நம் ஊர்க் கோப்புகளில் ஓரத்தில் எழுதுவார்களே, அந்த மாதிரி. கான்ட்டின் சோதனைக்கு இதைவிடச் சின்ன, கச்சிதமான சாட்சி உண்டா? வெளியே தெரியக் கூடாது என்ற நிபந்தனையில் மட்டுமே செய்யக்கூடிய செயல், எல்லோருக்கும் பொதுவான விதியாக எப்படி ஆகும்? அந்தக் குறிப்பை அனுப்பியவர்களில் ஒருவர் ஈகில் க்ரோக், முப்பதைத் தாண்டிய இளம் வழக்கறிஞர். பிறகு தேசப் பாதுகாப்பு என்ற சாக்கைச் சொல்லித் தப்பிக்க மாட்டேன் என்று குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை போனார். நற்பண்பு அறவியலுக்கு நிக்சனின் குணத்தை அலசுவதைவிட க்ரோக்கை எடுத்திருக்கலாம், நல்ல பையன் எப்படி வழுக்கினான், எப்படித் திரும்பினான் என்று இரண்டும் இருக்கிறது.

மூன்றாவது ஆளை இந்த ஆசிரியர் வேண்டுமென்றே விட்டாரோ என்று ஒரு சந்தேகம். மறுதேர்தல் குழுவின் துணைத் தலைவர் ஜெப் மக்ரூடர், உளவுத் திட்டத்தில் பங்கு, சத்தியப் பிரமாணம் செய்து பொய் சாட்சி. 1973 ஜூனில் செனட் குழுவின் முன் அவர், கல்லூரியில் நான் அறவியல் பாடமே படித்தேன் என்றார். சொல்லிக்கொடுத்தவர் வில்லியம் ஸ்லோன் காஃபின் என்ற பாதிரியார், அவர் மேல் மரியாதை உண்டு, அவரைப் போன்றவர்களே வியட்நாம் போரை எதிர்க்கச் சட்டத்தை மீறியதைப் பார்த்துப் பார்த்து எங்களுக்கும் அது பழகிவிட்டது என்று விளக்கம். அறவியல் வகுப்பு விற்பவருக்கு இது கொஞ்சம் கசப்பான உதாரணம்தான். ஆனால் பாடத்துக்கு எவ்வளவு தோதானது! எதிர்ப்பாளர்கள் பட்டப்பகலில், பெயர் சொல்லி, கைதாகத் தயாராக மீறினார்கள், இவர்கள் கையுறை போட்டு இருட்டில் போனார்கள். இரண்டையும் ஒன்று என்று நினைக்கும் அளவுக்கு ஒரு படித்த மூளை தன்னை ஏமாற்றிக்கொள்ளும் என்றால் அட்டவணையில் பச்சைப் பெட்டி நிரப்பி என்ன ஆகப்போகிறது?

மார்க் ஃபெல்ட் பகுதி சுமார். பத்திரிகைக்கு ரகசியத் தகவல் தந்தவர் எஃப்பிஐ-யின் இரண்டாம் நிலை அதிகாரியான இவர்தான் என்பது 2005-ல் வெளிவந்தது, அதை வீரக்கதையாகச் சொல்கிறார். இதே ஃபெல்ட் தீவிர இடதுசாரி இளைஞர்களின் உறவினர், நண்பர்கள் வீடுகளில் வாரண்ட் இல்லாமல் ஆள் நுழைய அனுமதித்ததற்காக 1980-ல் தண்டிக்கப்பட்டார், அடுத்த வருஷம் ரீகன் மன்னித்தார். ஒரு வரி சொல்லியிருந்தால் பாடம் இரட்டிப்பு சுவாரசியம் ஆகியிருக்கும்.

பிடிஎஃப்பில் ஒரு பெரிய பிழை, வாங்குகிறவர்கள் கவனிக்க: நிக்சன் பதவி நீக்கம் செய்யப்பட்டார் என்று போட்டிருக்கிறார்கள். இல்லை. நீதிக்குழு மூன்று குற்றச்சாட்டுகளை ஏற்றது, முழு அவை வாக்கெடுப்புக்கு முன்பே 1974 ஆகஸ்ட் 9-ல் அவராகவே விலகினார். மெயின்ஸில் இதை எழுதி மாட்டிக்கொள்ளாதீர்கள். ஆப்பில் செய்தி அனுப்பிக் கேட்டேன், "குறித்துக்கொண்டோம்" என்று பதில் வந்தது, இன்னும் திருத்தவில்லை. வீடியோவை இறக்கி வைத்துக்கொள்ள முடியாது, சிக்னல் சுமாராக உள்ள ஊர் என்றால் யோசித்து வாங்குங்கள். ஒலி மட்டும் தரம், தலையணி மாட்டினால் மின்விசிறிச் சத்தம்கூடக் கேட்காது.

விடைத்தாள் மதிப்பீட்டுக்குத் தனிக் கட்டணம். அதைக் கட்டாதீர்கள். கேள்விகள் நன்றாக இருக்கின்றன, அதிலும் ஃபோர்டு கேள்வி: 1974 செப்டம்பர் 8-ல் அடுத்து ஜனாதிபதியான ஜெரால்ட் ஃபோர்டு நிக்சனுக்கு விசாரணைக்கு முன்பே முழு மன்னிப்பு வழங்கினார், நாடு இதிலிருந்து வெளியே வர வேண்டும் என்று காரணம் சொன்னார், 1976 தேர்தலில் தோற்றார், 2001-ல் அதே மன்னிப்புக்காக கென்னடி பெயரிலான துணிச்சல் விருது வாங்கினார், நீங்கள் ஃபோர்டின் ஆலோசகராக இருந்தால்? இங்கே கோட்பாடுகள் உண்மையாகவே பிரிகின்றன, கீழே இருந்தவர்கள் சிறை போக மேலே இருந்தவர் வீட்டுக்குப் போவது நியாயமா என்பது ஒரு பக்கம், வருஷக்கணக்கில் ஒரு முன்னாள் ஜனாதிபதியின் வழக்கைப் பார்த்துக்கொண்டு நாடு உட்கார்ந்திருப்பது மறுபக்கம். நான் மன்னிப்பு தவறு என்று இரண்டு பக்கம் வாதாடி அனுப்பினேன். திருத்தி வந்ததில் ஒரே குறிப்பு: "நன்று. ஒரு வரைபடம் சேர்க்கவும்." அந்தப் பணத்துக்கு, கூடப் படிக்கிற ஒருவரைப் பிடித்து ஒருவர் விடையை மற்றவர் திருத்திக்கொள்ளுங்கள். ஃபோர்டு கேள்வியில் ஆரம்பியுங்கள், நிச்சயம் சண்டை வரும்.